எல்லோருக்கும் ஒரு கரண்டி

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. பெயரைச் சொன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் செங்கல்பட்டில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் மனம் நோக வேண்டாம். எங்கள் தெருவுக்கு அவர் கம்பவுண்டர். எனக்கும் அப்படியே. நான் எட்டாவதோடு பள்ளியை விட்டு, வெற்றிலை பாக்கு, கற்பூரம், ஊதுவத்தி விற்றுப் பிழைத்தவன். முருகனைத் தவிர யார் காலிலும் விழுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தவன். அப்படிப்பட்டவன் ஒரு தடவை அவர் காலில் விழுந்தேன். இன்று அவரை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. செத்துப்போன மனுஷரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பீர்கள். பொய்யாகப் புகழ்ந்து எழுதுவதைவிட இது மேல் என்று நினைக்கிறேன்.

பகலில் எங்கள் தெருக்கோடி டாக்டரிடம் வேலை. டாக்டர் வயதானவர், நாடி பார்த்துச் சீட்டு எழுதுவதோடு சரி. மிக்சர் கலக்குவது, கட்டுப் போடுவது, ஊசி குத்துவது எல்லாம் கம்பவுண்டர்தான். கிருத்திகை அன்று சாயங்காலம் அதே கை எங்கள் பஜனை மடத்தில் சாம்பார் வாளியைத் தூக்கிவிடும். பந்தி விசாரிப்பது அவர் பொறுப்பு. அவர் விசாரித்த பந்தியில் உட்கார்ந்தவன் அரை வயிற்றோடு எழுந்தான் என்று சொல்லலாம், ஆனால் வெறும் இலையைப் பார்த்து எழுந்தான் என்று சொல்ல முடியாது.

"இல்லேன்ற வார்த்தை நம்ம வாய்ல வரக் கூடாது தம்பி. வந்துதுன்னா அன்னிக்கே நாக்கு அழுவிப் பூடும்" என்பார்.

வாசலில் ஆள் கூடுவதைப் பார்த்துவிட்டால் உள்ளே திரும்பிக் கண்ணைக் காட்டுவார். சமையல்காரர் கொதிக்கிற வெந்நீரைச் சாம்பாரில் சாய்ப்பார். மறுபடி கண்ணைக் காட்டுவார், மறுபடி வெந்நீர். கடைசியாகப் பாயச அண்டா காலியானதும் அதில் ஒரு குடம் சுடுதண்ணீர் ஊற்றி, அடிப்பிடித்ததைக் கரண்டியால் சுரண்டிக் கலக்கி, கொஞ்சம் வெல்லம் தட்டிப் போட்டுக் கொண்டுவருவார். கறுப்புக் கறுப்பாகத் தூள் மிதக்கும்.

"இன்னா கம்பவுண்டரே, முந்திரி ஒண்ணு நீஞ்சிகினு போவுது, கரை ஏறவே காணோமே?" என்று ஒருத்தர் கேட்பார்.

"நீ கையக் குடுத்துத் தூக்கி வுடுய்யா. புண்ணியமாப் போவும்" என்பார் இவர். பந்தியே சிரிக்கும். அந்தக் கழுநீரை மனமாரக் குடித்துவிட்டு எழுந்திருப்போம். நானும் குடித்தேன். அப்போது இனித்தது.

வருஷா வருஷம் மாசி மகத்துக்கு எங்கள் மடத்திலிருந்து மாமல்லபுரம் போவோம். திருக்கழுக்குன்றம் வழியாக மாட்டு வண்டி. கடலில் சாமி தீர்த்தமாடும்போது கரையில் கூடுகிற ஜனத்துக்கு நீர்மோர் கொடுப்பது எங்கள் கைங்கரியம். ஒரு வருஷம் நாங்கள் நினைத்ததைவிடப் பல மடங்கு கூட்டம். மணல் முழுக்க இருளர் குடும்பங்கள் புடவையைக் கட்டிக் கூடாரம் போட்டிருந்தார்கள். மீனவக் குப்பத்து ஜனம் வேறு. அண்டாவில் மோர் இறங்க இறங்க இவர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். கொண்டுபோன தண்ணீர் தீர்ந்தது. மணலில் ஊற்றுத் தோண்டி இறைக்கச் சொன்னார். அது கரித்தது.

"நல்லதாப் போச்சி, உப்புப் போட வேணாம்" என்றார்.

கடைசி வரிசைக்குப் போனது மோர் இல்லை. அரிசி களைந்த தண்ணீர் போல ஒன்று, அடியில் மணல் வேறு. ஒரு மீனவக் கிழவி வாயில் ஊற்றிப் பார்த்து, பக்கத்தில் துப்பிவிட்டுக் கேட்டாள்: "யப்பா, மோரா இது? மாட்டோட நெழலைத் தண்ணில காட்டிட்டு எடுத்தாந்தீங்களா?"

எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் இவர்தான். சிரித்துக்கொண்டே இன்னொரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். ஒருத்தர் பாக்கியில்லை. அந்த மணலில், வேர்வையும் மோரும் வழிய நின்ற அந்த ஆளின் காலில் நான் விழுந்தேன். முருகனே வந்து கரண்டி பிடித்த மாதிரி இருந்தது எனக்கு.

அதே மாசி மகத்தில்தான் என் தங்கை ஜெகதாவின் இருமலைக் கேட்டேன். அவளை மாமல்லபுரத்தில் கொடுத்திருந்தோம். புருஷன் கல் வேலைக்காரர்களுக்கும் ஊர் பார்க்க வருகிறவர்களுக்கும் இட்லி, காபிக் கடை போட்டிருந்தான். இரண்டு பிள்ளைகள், சின்னது இன்னும் இடுப்பில். என்னைப் பார்க்கக் கடற்கரைக்கு வந்தவள் பேச ஆரம்பித்தால் இருமினாள். இருமி முடித்து முந்தானையை மடித்து மறைத்தாள். பிரித்துப் பார்த்தேன். சிவப்பாக இருந்தது. பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு அவளைச் செங்கல்பட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன்.

கம்பவுண்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். வாழையிலைக் கிழிசல் ஒன்றை அவள் முன்னால் நீட்டினார்.

"வெக்கப்படாத தங்கச்சி. நல்லா காறித் துப்பு."

துப்பினாள். அவர் இலையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு விரலால் தொட்டார். தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நெய்ப் பதம் பார்ப்பது போல இழுத்தார். பச்சையாக நூல் நீண்டது. நடுவில் ரத்தக் கோடு.

"கெட்டி சளி. ரொம்ப நாளா கீது" என்றார். விரலைத் தோள் துண்டில் துடைத்தார். அதே துண்டால் மூக்கையும் நெற்றியையும் துடைத்துக்கொண்டார்.

நான் கொல்லைக்கு ஓடிப்போய் ஓங்கரித்தேன். என் சம்சாரம் பின்னாலேயே வந்து காதோடு சொன்னாள்: "சாமிங்க அவுரு. பெத்த தாயி கூட அதைத் தொடமாட்டா."

ஆமாம், அப்போது எனக்கும் அப்படித்தான் பட்டது.

டாக்டர் ஸ்ட்ரெப்டோமைசின் எழுதிக் கொடுத்தார். க்ஷயத்துக்குப் புதிதாக வந்திருந்த ஊசி மருந்து. ரப்பர் மூடி போட்ட சின்னச் சின்ன பாட்டில், உள்ளே வெள்ளைத் தூள். பட்டணத்திலிருந்துதான் வர வேண்டும். தங்கை புருஷன் கடைப் பாத்திரத்தில் பாதியை விற்றான். நானும் முடிந்ததைப் போட்டேன். பாட்டில்கள் கம்பவுண்டர் வீட்டில் இருக்கட்டும், அவள் காலையில் நடந்துபோய்க் குத்திக்கொண்டு வரட்டும் என்று ஏற்பாடு. குத்துவதற்கு அவர் கூலி வாங்கவில்லை.

ஒரு நாள் காலையில் நானும் அவளோடு போனேன். கம்பவுண்டர் வீட்டு முன் அறையில் சுவரோரமாகப் பாய் போட்டிருந்தது. முதலில் என் தங்கை உட்கார்ந்தாள். அவளுக்கு அடுத்து விறகுத்தொட்டியில் சுமை தூக்கும் முனியம்மா. அவளுக்கு அடுத்து பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பவர். கடைசியில் யாரோ ஒரு கிழவர். எல்லாருக்கும் அதே இருமல். கம்பவுண்டர் ஊசியோடு வரிசையில் குனிந்து குனிந்து வந்தார்.

"கையத் தளர்த்தி வுடு. ஆங், ஆச்சி. அடுத்த எலை!"

அடுத்த இலை என்றுதான் சொன்னார். முனியம்மா சிரித்தாள். "எனக்கு ஒரு கரண்டி தூக்கலா போடு நைனா!" என்றாள். ஒவ்வொருத்தருக்கும் குத்தி முடித்ததும் ஊசியை ஒரு பஞ்சால் துடைத்தார். ஒரே பஞ்சுதான். வரிசை முடியும்போது அது வெற்றிலை மென்று துப்பியது மாதிரி இருந்தது. ஏழைகளுக்கும் இந்த மனுஷர் எங்கிருந்தோ மருந்து வாங்கி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வாசலில் நின்றபடியே கும்பிட்டுவிட்டுக் கடைக்கு வந்தேன்.

அந்த வரிசை முழுக்கக் காய்ச்சல் இறங்கியது. முனியம்மா மறுபடி விறகு சுமந்தாள். ஜெகதா இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினாள். கம்பவுண்டரின் கைராசி என்று தெருவே பேசிற்று. நான் முருகனுக்குப் பாலாபிஷேகம் செய்தேன். ஜெகதா ஊருக்குப் போகத் துணிமணி எடுத்து வைத்தாள்.

மழைக்காலத்தில் எல்லாம் திரும்பி வந்தது. வந்தது முன்னைப்போல வரவில்லை. ஒரு இருமலுக்கு அரைக் கிண்ணம் ரத்தம். அவள் விலா எலும்பை எண்ணலாம். அதே மருந்தைத் திரும்பவும் வாங்கிக் குத்தினோம். ஒன்றும் கேட்கவில்லை. ரயிலேறிப் பட்டணத்துப் பக்கம் இருந்த பெரிய க்ஷய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சளியை வாங்கி வைத்துக்கொண்டு, வாரக்கணக்கில் கழித்துத்தான் வரச் சொன்னார்கள். மறுபடி போனபோது சளி சோதிக்கும் டாக்டரம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இளம் வயது, கண்ணாடி போட்டவர். கோபத்தில் இருந்தார்.

"ஊசியை நடுவில நிறுத்தினது யாரு?"

"நிறுத்தவே இல்லம்மா. ஒரு நாள் தவறல. எங்க கம்பவுண்டர் கையால போட்டது."

அவர் நம்பவில்லை. பூதக்கண்ணாடி யந்திரத்தில் என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் திண்டாடினேன். பிறகு தெரிந்தது. நீலமாக ஒரு களம். அதில் அங்கங்கே சிவப்பாகத் துரும்புகள். சில ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. இவையா என் தங்கையின் மார்புக்குள் குடியிருக்கின்றன என்று நினைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் ஊர்ந்தது.

"சிவப்பா இருக்கே, அதுதான் கிருமி. அந்தச் சாயத்தைச் சூடு காட்டித்தான் உள்ள ஏத்தணும். ஏறிட்டா அமிலம் ஊத்திக் கழுவினாலும் விடாது. மத்த கிருமி எல்லாம் வெளுத்துடும், இது வெளுக்காது. ஏன்னா இதோட சுவர் அப்படி."

"கிருமிக்குச் சுவரா?"

"எல்லாக் கிருமிக்கும் சுவர் இருக்கு. சாதாரணக் கிருமி மேல பெனிசிலின் பட்டா அந்தச் சுவர் தாங்காது, உப்பி வெடிச்சிடும். இதோட சுவர்ல மெழுகு. சேப்பங்கிழங்கு இலைல தண்ணி ஊத்தினா என்ன ஆகும்?"

"ஒட்டாதும்மா. உருண்டு ஓடிடும்."

"அப்படித்தான். பல மருந்து இதுகிட்ட உருண்டு ஓடிடும். உள்ள புகற மருந்து ஒண்ணு ரெண்டுதான். அதையும் நிறைய, விடாம, கூட இன்னொரு மருந்தும் சேர்த்துக் கொடுக்கணும். ஒரே மருந்தை, அதுவும் குறைச்சுக் கொடுத்தா சோப்ளாங்கிக் கிருமி எல்லாம் செத்துப்போகும். நோயாளிக்குக் காய்ச்சல் இறங்கும், பசிக்கும். நல்லாயிட்டதுன்னு நினைப்பீங்க. ஆனா லட்சத்துல ஒண்ணு, அந்த மருந்துக்கு அசையாதது, உள்ள இருக்கும். அது மட்டும் தங்கிடும். அப்புறம் பெருகறது பூரா அதோட வம்சம்."

கண்ணாடிக் குழாய் இரண்டைக் கொண்டுவந்து காட்டினார். உள்ளே முட்டையை அடித்து அவித்த மாதிரி, பாசி நிறத்தில் ஒரு கட்டி. ஒரு குழாயில் வெறும் கட்டி. இன்னொன்றில் அதே கட்டியோடு ஸ்ட்ரெப்டோமைசினும் கலந்திருந்ததாம். ஜெகதாவின் சளியை இரண்டிலும் விதைத்திருந்தார்கள். மருந்து கலந்த குழாயில் ஒன்றும் முளைத்திருக்கக் கூடாது. இரண்டிலும் முளைத்திருந்தது. பழுப்பாக, பொருக்குப் பொருக்காக, ஆறிப்போன ரவை உப்புமா ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருக்குமே, அது போல. மருந்தைச் சோறாகத் தின்று கொழுத்த மாதிரி. குழாய் மூடித்தான் இருந்தது, இருந்தும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"இனிமே இந்த ஊசி உங்க தங்கைக்குத் தண்ணி" என்றார். "இன்னொரு மாத்திரை இருக்கு, அதோட ஒரு கசப்புத் தூள். ரெண்டும் கொடுக்கறேன். படுக்கை காலியில்லை, வீட்டுல வெச்சுப் பாத்துக்குங்க. ஒரு வேளை தவறினாலும் இதுவும் தண்ணியாயிடும். அதுக்கு மேல என்கிட்ட கொடுக்க ஒண்ணும் இல்லை."

திரும்பி வரும் ரயிலில் ஜெகதா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பொத்தேரி தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குப் பாதிதான் போட்டாரு அண்ணா."

"இன்னாது?"

"ஊசி. என் பாட்டில்ல பாதி எனக்கு. மீதிய முனியம்மாவுக்கும் மணி அடிக்கிறவருக்கும் பிரிச்சிப் போட்டாரு. பாட்டில்ல தண்ணி வுட்டு அலசி, அந்தத் தாத்தாவுக்கு."

அலசின தண்ணீர். எனக்கு நாக்கில் எச்சில் ஊறிற்று, வாந்திக்கு முன் ஊறுகிற எச்சில்.

"உனக்குத் தெரிஞ்சா நடந்துது?"

"என்னாண்ட கேட்டுட்டுத்தான் போட்டாரு. பக்கத்துல மூணு பேரு குந்தி என் கையையே பாத்துகினு கீறாங்க. நான் மட்டும் எப்படிண்ணா முழுசா வாங்கிக்கறது? உனுக்குன்னா மனசு வந்திருக்குமா?"

ஸ்டேஷனிலிருந்து அவளை வீட்டில் விட்டுவிட்டு நேரே கம்பவுண்டர் வீட்டுக்குப் போனேன். பழைய சோற்றில் கையை விட்டுப் பிசைந்துகொண்டிருந்தார்.

"வா தம்பி, குந்து. ஒரு வாய் துன்னு."

"என் தங்கச்சி மருந்த இன்னா பண்ணீங்க அண்ணாத்த?"

"எல்லாருக்கும் நெரவி வுட்டேன்" என்றார். ஒரு ஒளிவு இல்லை, மறைவு இல்லை. "ஏன், ஜெகதா சொன்னிச்சா?"

டாக்டரம்மா சொன்னதை எனக்குத் தெரிந்த மட்டும் கொட்டினேன். மெழுகுச் சுவர், குறைந்த மருந்தில் தங்கிப்போனது, குழாயில் முளைத்தது எல்லாம். கேட்டுக்கொண்டே அவர் சோற்றைப் பிசைந்தார். விரல் இடுக்கில் பருக்கை பிதுங்கியது.

"அப்ப முனியம்மாளுக்கு நான் இன்னா போட்டிருக்கணும்?"

"ஒண்ணும் போட்டிருக்கக் கூடாது."

"அவளைப் பக்கத்துல குந்த வெச்சி, உனுக்கு இல்லடின்னு சொல்லிட்டு, ஜெகதாவுக்கு மட்டும் போடச் சொல்ற?"

"ஆமா."

"நீ முருகனைக் கும்புடறவன் தம்பி" என்றார். கோபமாகக்கூட இல்லை. என் கடைக் கற்பூரத்தில் சுண்ணாம்பு கலந்திருப்பதைக் கண்டுபிடித்தவர் போலப் பார்த்தார். "பந்தில குந்தினவனைப் பாத்து அந்த வார்த்தை என் வாய்ல வராது. ஒம் மருந்து பெருசா, மனுசன் பெருசா?"

அவர் முகத்தில் ஒரு பயம், ஒரு கலக்கம் வருமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். வரவில்லை. மோவாயில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. அந்தப் பருக்கையைப் பார்த்ததும் அத்தனை வருஷத்துப் பக்தியும் எனக்குத் தொண்டைக்கு வந்துவிட்டது.

இதை நான் படித்தவன் மாதிரி விளக்க முடியாது. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். பசி இருக்கிறதே, அது நியாயமானது. அரை வயிற்றுச் சோறு போட்டால் அரை வயிற்றுக்கு அடங்கும். தண்ணி மோர் கொடுத்தால் அந்த அளவுக்காவது நாக்கு நனையும். அந்த மெழுகுச் சுவர்க்காரனுக்கு அந்த நியாயம் கிடையாது. அவனுக்கு முன்னால் அரைக் கரண்டி என்பது அரை நன்மை இல்லை, முழுத் தீமை. கம்பவுண்டர் கையில் எல்லாவற்றுக்கும் ஒரே கரண்டி இருந்தது. சோற்றுக்கும் அது, ஊசிக்கும் அது. தர்மம் என்று நினைத்துக்கொண்டு எங்கள் தெருவில் சாகாத கிருமியை வளர்த்துவிட்டார். மனுஷன் தெரிந்து செய்த பாவத்தைக்கூட நான் மன்னித்திருக்கிறேன். அந்த அலசின தண்ணீரை நினைத்தால் முடியவில்லை.

மணி அடிப்பவர் அந்த மார்கழியில் போனார். கிழவர் அதற்கு முன்னாலேயே போய்விட்டார். கம்பவுண்டர் அடுத்த ஆடியில். அந்த விரல், அந்தத் துண்டு, அந்த மூக்கு. அவருக்கும் வராமல் இருக்குமா? அச்சரப்பாக்கத்திலிருந்தெல்லாம் ஜனம் வந்தது. அவர் கையால் சாப்பிட்ட பண்டாரங்கள் பாடையை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு அழுதார்கள். நானும் போனேன், தெருக்காரன் போகாமல் இருக்க முடியாது. தூரத்தில் நின்று, சுடுகாடு வரை போகாமல் ஏரியில் தலை முழுகிவிட்டு வந்தேன். முழுகின பிறகும் அருவருப்பு போகவில்லை.

சாவதற்கு ஆறேழு மாதம் முன்னால் ஒரு தடவை அவர் என் வீட்டுக்கு வந்தார். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மத்தியானம். ஜெகதாவுக்கு மாத்திரை கொடுக்கும் வேளை. புது மருந்து ஆரம்பித்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ரத்தம் நின்றிருந்தது, காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்ல முடியாத நிலை. மாத்திரையை என் கையாலேயே எடுத்துக் கொடுப்பேன். வேறு யாரையும் தொட விடமாட்டேன். வாசலில் இருமல் கேட்டது. கம்பவுண்டர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆள் பாதியாகியிருந்தார்.

"தங்கச்சிக்கு வேற மாத்திரை குடுத்திருக்காங்களாமே தம்பி?"

"ஆமா."

"எனுக்கு வாணாம். நான் கட்டை, எப்ப வேணா சாயலாம். முனியம்மாளுக்குக் கேக்க வந்தேன். ரத்தம் ரத்தமாத் துப்பறா. மூணு குட்டிங்க அவுளுக்கு. தெனம் ஒண்ணு குடு தம்பி. அதுகூட வாணாம், ஒரு நாள் வுட்டு ஒரு நாள் ஒண்ணு."

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை.

"இன்னுமா அண்ணாத்த? இத்தினி பேரை வாரிக் குடுத்துட்டு இன்னுமா கரண்டியத் தூக்கிகினு வரீங்க?"

"பாத்துகினு சும்மா இருக்கச் சொல்றியா?"

"ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க. அவுளுக்குன்னு தனியா குடுப்பாங்க."

"ரெண்டு தபா இட்டுகினு போனேன். இப்ப இல்ல, அப்பால வான்னுட்டாங்க. அவங்களுக்கு அந்த வார்த்தை சுளுவா வருது."

"எனக்கும் வருது" என்றேன். "இல்ல அண்ணாத்த. ஒண்ணு கூட இல்ல."

என் பின்னால் சுவரில் முருகன் படம் இருந்தது. காலையில் வைத்த பூ வாடாமல் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் அப்படியே படியில் உட்கார்ந்தார். இருமினார். வந்ததை உள்ளங்கையில் வாங்கி, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். அந்த நேரத்திலும் பார்த்தார். துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஜெகதா சோறு துன்றாளா?"

"துன்றா."

"சரி, துன்னட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை வைதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

உள்ளே வந்தேன். ஜெகதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று முகமே சொன்னது. மாத்திரையைக் கொடுத்தேன். வாயில் போட்டாள், தண்ணீர் குடித்தாள், டம்ளரைக் கீழே வைத்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"முழுங்கிட்டியா?"

தலையை ஆட்டினாள்.

"வாயால சொல்லு."

மறுபடி தலையை மட்டும் ஆட்டினாள்.

"வாயைத் தொற."

திறந்தாள். ஒன்றும் இல்லை.

"நாக்கைத் தூக்கு."

தூக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் தாடையைப் பிடித்து விரலால் நாக்கை நானே தூக்கினேன். நாக்குக்கு அடியில் மாத்திரை பாதி கரைந்து, எச்சிலில் மாவு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

"எத்தினி நாளா?"

"இன்னிக்குத்தாண்ணா. முருகன் மேல சத்தியமா இன்னிக்குத்தான். அவுளுக்கு மூணு கொழந்தைங்கண்ணா."

"உனுக்கு ரெண்டு."

"நான் நாளைக்கு முழுசா போட்டுக்கறேன். இது ஒண்ணு..."

டம்ளரை எடுத்து அவள் வாயில் வைத்துச் சாய்த்தேன். பல்லில் இடித்தது. தண்ணீர் கழுத்தில் வழிந்தது. அவள் தொண்டை ஏறி இறங்கும் வரை கையை எடுக்கவில்லை. பிறகு மறுபடி நாக்கைத் தூக்கிப் பார்த்தேன். முனியம்மாவின் பிள்ளைகளை எனக்குத் தெரியும். பெரியவள் என் கடைக்கு உப்பு வாங்க வருவாள்.

அன்றிலிருந்து மருந்து தீரும் வரை ஒவ்வொரு வேளையும் ஜெகதாவின் நாக்கைத் தூக்கிப் பார்த்தேன். அந்தத் தை மாதத்தில் முனியம்மா செத்தாள். பிள்ளைகளை அவள் அண்ணன் வந்து அழைத்துக்கொண்டு போனான். ஜெகதாவின் சளியில் அப்புறம் ஒன்றும் முளைக்கவில்லை. டாக்டரம்மா ஊருக்குப் போகலாம் என்றார்.

மாமல்லபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். வழிக்கு என்று ஒரு சீப்பு வாழைப்பழத்தை ஜன்னல் வழியாக நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"உன் முருகன் உன்னை நல்லா வெச்சிருக்கட்டும் அண்ணா" என்றாள். "ஆனா இனிமே உன் கையால எனக்கு ஒண்ணும் குடுக்காத."

நல்லது கெட்டதுக்கு வருவாள். பேரன்களையும் கூட்டிக்கொண்டு வருவாள். இன்றுவரை என் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. வேண்டாம் என்று சொல்ல அவள் இருக்கிறாள்.